யன்னலும் சின்னப் பிள்ளைகளும்: வாசகர் கேள்வி – பதில்

கொழும்பில் தொடர்மாடிகள் கூடக் கூட, யன்னல் பற்றி வரும் கடிதங்களும் கூடிக்கொண்டே போகின்றன. இம்முறை சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறோம். அளவுகளைப் பெரும்பாலும் அங்குலத்தில் தந்திருக்கிறோம். பாஸ்மார் பேசுவது அதில்தான்.

ஐந்தாம் மாடியில் இருக்கிறோம். மகனுக்கு ஒன்றரை வயது. எல்லா யன்னலுக்கும் முந்தியே இரும்புக் கிறில் போட்டிருக்கிறது. கம்பிக்குக் கம்பி ஆறு அங்குலம். "இதுக்கு மேல என்ன வேணும்" என்று மாமி கேட்கிறார். உண்மையில் இது போதுமா?
– வெள்ளவத்தை வாசகி

போதாது. அது கள்ளனுக்குப் போட்ட கிறில். வளர்ந்த ஆளின் தோள் நுழையாத இடைவெளி, ஒன்றரை வயதுப் பிள்ளையின் உடம்புக்குத் தாராளம்.

ஆபத்து வருகிற விதத்தை மாமிக்கும் சொல்லுங்கள். பிள்ளை கம்பிக்கிடையில் காலைத்தான் முதலில் விடும். இடுப்பு போகும், நெஞ்சும் நெருங்கிப் போய்விடும். தலை போகாது. இந்த வயதில் உடம்போடு பார்க்கும்போது தலை பெரிது. உடம்பு வெளியில் தொங்க, தலை உள்ளே மாட்டி, முழுப் பாரமும் கழுத்தில் விழும். சிறுவர் விளையாட்டுச் சாதனங்களுக்கான அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளில், 3½ அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் இடைப்பட்ட திறப்பு எல்லாமே தலை சிக்கக்கூடிய திறப்பாகத்தான் கணக்கு. உங்கள் கிறில் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. யன்னல் காப்புக்கு அங்கே உள்ள விதி, 4 அங்குல விட்டமுள்ள உருண்டை ஒன்று எந்த இடத்தாலும் நுழையக் கூடாது என்பது. நாங்கள் 3½ அங்குலம், அதாவது 89 மி.மீ. என்றே சொல்வோம். காரணம் கீழே வருகிறது.

பழைய கிறிலைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. கம்பிகளின் நடுவிலிருந்து நடுவுக்கு 6 அங்குலம், கம்பி அரை அங்குலம் என்றால் உண்மையான இடைவெளி 5½ அங்குலம். ஒவ்வொரு இடைவெளியின் நடுவிலும் இன்னோர் அரை அங்குலக் கம்பியை வெல்டிங் செய்துவிட்டால், இரண்டு பக்கமும் 2½ அங்குலம் மிஞ்சும். வேலை முடிந்தது.

புதிதாகச் செய்விக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பாஸிடம் கொடுக்கலாம். யன்னல் 4 அடி அகலம், கம்பி அரை அங்குலம். ஒன்பது கம்பி போட்டால் இடைவெளி 4.35 அங்குலம் வரும், கூடாது. பத்துக் கம்பிக்கு 3.9 அங்குலம், வரம்புக்குள் இருந்தாலும் ஒரு கம்பி கொஞ்சம் வளைந்தால் வரம்பு போய்விடும். பதினொரு கம்பிக்கு 3.5 அங்குலமும் கொஞ்சமும், அதுதான் வேண்டும். "நாலு அங்குலத்துக்கு ஒன்று போடுங்கோ" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். கம்பியின் உள்விளிம்பிலிருந்து அடுத்த கம்பியின் உள்விளிம்புக்கு மூன்றரை என்று தாளில் எழுதிக் கொடுங்கள்.

கம்பிகள் நிமிர்ந்து நிற்க வேண்டும். படுக்கைக் கம்பியும் பூ வேலைப்பாடும் பிள்ளைக்கு ஏணி. ஆனால் 4 அடி உயரக் கம்பி நடுவில் கையால் விரிக்கிற அளவுக்கு வளையும் என்பதால் ஒரேயொரு குறுக்குப் பட்டை வேண்டும். அதை யன்னலின் கீழ்க்கட்டிலிருந்து 2½ அடிக்கு மேலே, கம்பிகளின் வெளிப்பக்கமாக வைக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் கால் அந்த உயரத்துக்கு எட்டாது.

கிறில் கழன்று விழுகிற வீடுகளில் கம்பியில் பிழை இருப்பது குறைவு, பிழை சுவரில்தான். சுவர்ப் பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் தடிப்பு. ஒன்றரை அங்குல ஸ்குரூவைப் போட்டால், கிறில் பட்டைக்கும் பூச்சுக்கும் போக, செங்கல்லில் பிடிக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். 3 அங்குல ஸ்குரூ, அதற்கேற்ற ரோல் பிளக் (துளைக்குள் ஸ்குரூவை இறுக்கிப் பிடிக்கிற உறை), சுவர் விளிம்பிலிருந்து 2½ அங்குலமாவது உள்ளே. நான்கு மூலைக்கும் ஒவ்வொன்று, இடையில் ஒன்றரை அடிக்கு ஒன்று. உள்ளே பொந்துள்ள சீமெந்துக் கல்லில் ரோல் பிளக் சுழன்றுகொண்டே இருக்கும், பிடிக்காது. அப்படியான சுவரில் கிறிலுக்குக் கால் வைத்து, 4 அங்குல ஆழத்துக்குத் துளைத்து, ஒன்றுக்கு மூன்று சீமெந்துக் கலவையால் இறுக்க வேண்டும். மர நிலையில் போடுவதென்றால் 2 அங்குல 10ஆம் நம்பர் ஸ்குரூ போதும்; ஆனால் நிலையின் கீழ்மூலை கறையான் அரித்திருக்கிறதா என்று ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள்.

கடற்கரைப் பக்கம் துரு முதலில் பிடிப்பது வெல்டிங் பொருத்துகளில். மேலே படிந்த கசட்டைத் தட்டிச் சுரண்டி, கிறிலைச் சுவரில் ஏற்றுவதற்கு முன்பே எல்லாப் பக்கமும் துருத்தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். ஏற்றிய பிறகு அடித்தால் சுவரோடு ஒட்டிய முதுகுப் பக்கம் வெறுமையாகவே இருந்து, அங்கிருந்துதான் அரிக்கும். பொக்ஸ் பாரில், அதாவது உள்ளே வெறுமையான சதுரக் குழாயில், செய்தால் திறந்த நுனிகளையும் அடைக்கச் சொல்லுங்கள். அது உள்ளிருந்து அரிக்கும், வெளிப் பெயின்ற் பளபளவென்றே இருக்கும்.

கடைசியாக, 9 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பந்தோ உருளையோ ஒன்றை எடுத்து, கம்பிகளுக்கிடையிலும் கிறிலுக்கும் சுவருக்கும் இடையிலும் கிறிலின் அடிக்கும் கட்டுக்கும் இடையிலும் விட்டுப் பாருங்கள். இரண்டு கம்பிகளைக் கையால் விரித்துப் பிடித்துக்கொண்டும் பாருங்கள். கடையில் 4 அங்குலம் என்று விற்கிற பிவிசி குழாயை அளவுகோலாக எடுக்காதீர்கள். அதன் வெளிவிட்டம் 110 மி.மீ.

எங்கள் வீட்டில் எல்லா யன்னலுக்கும் கிறில், வாசலுக்கும் இரும்புக் கேற். நெருப்புப் பிடித்தால் எப்படி வெளியே போவது என்று யோசிக்கும்போது பயமாக இருக்கிறது. பிள்ளைக்காகப் போட்டதை எடுப்பதா?
– கொட்டாஞ்சேனை வாசகர்

எடுக்க வேண்டாம். திறக்கக்கூடியதாக மாற்றுங்கள். உங்கள் பயம் நியாயமானது. அமெரிக்காவில் ஆறாம் மாடி வரைக்கும் உள்ள யன்னல் காப்புகள், வளர்ந்தவர் உள்ளிருந்து எளிதாகத் திறக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

படுக்கையறை ஒவ்வொன்றிலும் ஒரு யன்னலைத் தெரிவு செய்யுங்கள். வெளியே சன்செட்டோ மொட்டை மாடியோ வீதியோ உள்ள பக்கம் நல்லது. அதன் கிறிலில் 2 அடி அகலம், 2½ அடி உயரத்துக்கு ஒரு பகுதியை வெட்டி, பிணைச்சல் போட்டு, கதவாக்கச் சொல்லுங்கள். இங்கிலாந்துக் கட்டட வழிகாட்டி, தப்பும் யன்னலின் திறப்பு எந்தப் பக்கமும் 450 மி.மீ.க்குக் குறையாமலும் மொத்தப் பரப்பு 0.33 சதுர மீற்றருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்கிறது. மேலே சொன்ன அளவு அதற்குத் தாராளமாகப் போதும். வெட்டிய பகுதிக்கும் சட்டத்துக்கும் இடையிலும் மூன்றரை அங்குலக் கணக்குப் பொருந்தும்.

பூட்டில்தான் பலர் பிழை விடுகிறார்கள். ஆமைப்பூட்டைப் போட்டு, திறப்பை வேலைக்குப் போகிறவரின் திறப்புக் கோர்வையில் வைத்துவிடுவார்கள். திறப்பே தேவையில்லாத இரண்டு தாழ்ப்பாள் சிறந்தது: இரண்டும் தரையிலிருந்து 5 அடிக்கு மேலே, ஒன்றை இழுத்துப் பிடித்துக்கொண்டே மற்றதைத் தூக்கினால்தான் திறபடும். கீழ்மாடியில் கள்ளர் பயத்தால் பூட்டுத்தான் வேண்டும் என்றால், திறப்பு அதே அறையில், வெளியிலிருந்து கை எட்டாத சுவரில், 5½ அடி உயரத்து ஆணியில் எப்போதும் தொங்க வேண்டும்.

மாதத்துக்கு ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டு அம்மம்மாவைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அவரால் முடியாவிட்டால் தாழ்ப்பாளை மாற்ற வேண்டும். திறந்து மூடாத பிணைச்சல் இந்தக் கடல்காற்றில் விரைவில் இறுகிவிடும், எண்ணெய் விடுங்கள்.

வாடகை வீடு. முழுவதும் அலுமினியம் தள்ளு யன்னல். சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். மூன்று வயது மகள் யன்னலைத் தானே தள்ளித் திறக்கப் பழகிவிட்டாள்.
– பம்பலப்பிட்டி வாசகி

சுவரைத் தொடாமலே செய்யலாம்; யன்னல் தடத்தில் சின்னத் துளை மட்டும் வேண்டும். அதற்கு வீட்டுக்காரரிடம் கேட்டு அனுமதி எடுங்கள். போகும்போது சிலிக்கோனால் அடைத்தால் துளை கண்ணுக்குத் தெரியாது.

தள்ளு யன்னலில் மூன்று காரியம் பார்க்க வேண்டும். முதலாவது, திறப்பு மூன்றரை அங்குலத்தோடு நிற்க வேண்டும். யன்னலை அந்த அளவுக்குத் திறந்துவைத்து, அது போய் முட்டுகிற இடத்தில், மேல் தடத்தின் நிமிர்ந்த விளிம்பில் ஒரு தடுப்புக் கட்டையை ஸ்டெயின்லெஸ் ஸ்குரூவால் இறுக்குங்கள். மேல் தடம் பிள்ளைக்கு எட்டாது. கீழ்த் தடத்தின் தரையில் மட்டும் துளைக்கவே வேண்டாம். மழைத் தண்ணீர் அந்தத் துளையால் சுவருக்குள் இறங்கி, கீழ்வீட்டுக்காரரின் சீலிங்கில் தெரியும். தடத்தில் தண்ணீர் வடிவதற்கென்று ஏற்கெனவே உள்ள கீற்றுகளையும் மறைக்கக் கூடாது.

இரண்டாவது, பெரும்பாலானோர் மறப்பது: தள்ளு யன்னலில் இரண்டு கதவும் ஓடும். ஒன்றுக்குத் தடுப்புப் போட்டுவிட்டு மற்றதை விட்டால், பிள்ளை அந்தப் பக்கத்தால் திறக்கும். இரண்டுக்கும் போடுங்கள், அல்லது ஒன்றை அசையாமல் நிலையோடு இறுக்கிவிடுங்கள்.

மூன்றாவது, தூக்கினால் கழலும் தன்மை. இந்தக் கதவுகளை மேல் தடத்துக்குள் தூக்கி, பிறகு கீழே இறக்கித்தான் மாட்டுவார்கள். கழற்றுவதும் அப்படியே. சில்லுகள் தேய்ந்த பழைய யன்னலைப் பிள்ளை உலுக்கினாலே தடத்தைவிட்டு வரலாம். மூடிய நிலையில் கதவுக்கு மேலே உள்ள இடைவெளியில் இரண்டு ஸ்குரூவைத் தலை கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரிப் போட்டால், தூக்க இடமிராது. தேய்ந்த சில்லையும் மாற்றிவிடுங்கள்.

துளைக்கவே முடியாது என்றால், தும்புத்தடியை வெட்டித் தடத்துக்குள் படுக்கையாக வைக்கலாம். கதவு ஓடுகிற நீளம் 24 அங்குலம் என்றால் தடி 20½ அங்குலம். இது தற்காலிக ஏற்பாடு. பிள்ளை அதைக் குனிந்து எடுக்க அதிக காலம் எடுக்காது, எனவே யன்னலுக்குக் கிட்ட ஒருவர் இருக்கும்போது மட்டும். கையால் முறுக்கி இறுக்குகிற கவ்விகளும் விற்கிறார்கள். வழுவழுப்பான அலுமினியத்தில் அவை வழுக்கும். வாங்கினால் மேல் தடத்தில் போட்டு, உங்கள் முழுப் பலத்தோடு தள்ளிப் பார்த்த பிறகே நம்புங்கள்.

இதோடு ஒன்று. வெளிப்பக்கமாகத் திறக்கும் அலுமினியக் கதவு யன்னல்கள் உயரமான மாடியில் இருந்தால், அவற்றைத் தாங்குகிற கைகளில் உள்ள றிவற்றுகளைப் பாருங்கள். அலுமினிய றிவற் அரித்துப் போய் யன்னல் முழுதாகவே கீழே விழும். சிங்கப்பூரில் இப்படிப் பல விழுந்த பிறகு, அவற்றை ஸ்டெயின்லெஸ் றிவற்றாக மாற்ற வேண்டும் என்று 2004இல் சட்டமே போட்டார்கள். வெள்ளைத் தூள் படிந்திருந்தால், யன்னல் தளர்ந்து ஒரு பக்கம் சரிந்திருந்தால், அலுமினியம் பாஸைக் கூப்பிடுகிற வரைக்கும் அதைத் திறக்க வேண்டாம்.

பழைய வீடு, கீழ்மாடி. மர யன்னல்கள் வெளிப்பக்கம் திறக்கும், கட்டு 2 அடி உயரம்தான். கேபிள் பூட்டு ஒன்று வாங்கிப் போட்டோம், ஆனால் யன்னல் இன்னும் நிறையத் திறக்கிறது. ஏன்?
– தெஹிவளை வாசகர்

கேபிள் பூட்டு என்பது கதவையும் நிலையையும் கேபிளால் இணைத்து, திறப்பைக் கட்டுப்படுத்துவது. அந்தக் கேபிளை யன்னல் கதவின் நடுப்பகுதியில் போட்டிருப்பீர்கள். கதவு 24 அங்குல அகலம் என்று வையுங்கள். பிணைச்சலிலிருந்து 12 அங்குலத்தில் கேபிள் 4 அங்குலம் விட்டுக்கொடுத்தால், கைபிடி விளிம்பில் திறப்பு 8 அங்குலம். பிணைச்சலுக்கு இன்னும் கிட்டப் போனால் இன்னும் கூடும். கேபிளின் கதவுப் பக்கத்துத் தலையைக் கைபிடி விளிம்போடு ஒட்டி வையுங்கள். நிலைப் பக்கத்துத் தலையை அதற்கு நேரே. பிறகு விளிம்பில் அளந்து பாருங்கள். கேபிளே நீளம் என்றால் நிலைப் பக்கத்துத் தலையை விளிம்பிலிருந்து உள்ளே தள்ளிப் போட்டு எஞ்சிய நீளத்தை எடுக்கலாம்.

பழைய தேக்கும் பலாவும் காய்ந்து இறுகியிருக்கும். துளைக்காமல் ஸ்குரூவை முறுக்கினால் மரம் பிளக்கும் அல்லது ஸ்குரூத் தலை முறியும். 4 மி.மீ. ஸ்குரூவுக்கு 2½ மி.மீ. துளை. கேபிளோடு வருகிற ஸ்குரூ அநேகமாகக் கட்டை. 1½ அங்குலமாக மாற்றுங்கள்.

காற்றுக்கு அடிபடாமல் மாட்டுகிற கொக்கியைப் பூட்டாகக் கணக்கெடுக்காதீர்கள். இரண்டு வயதுப் பிள்ளை அதை விரலால் தூக்கிவிடும். கீழ்மாடிதானே என்று விடாமல் செய்தது சரி. இரண்டடிக் கட்டு, அதோடு வீட்டு அத்திவாரத்தின் உயரம், கீழே சீமெந்துத் தரை. தலை முதலில் விழுகிற பிள்ளைக்கு அது சின்ன உயரமல்ல.

நுளம்பு வலை அடித்த யன்னல் பாதுகாப்புத்தானே?
– மட்டக்குளி வாசகி

இல்லை. டெங்குக்கு வலை கட்டாயம் வேண்டும், ஆனால் அது நுளம்பை மட்டும்தான் தடுக்கும். வலையைச் சட்டத்தில் பிடித்திருப்பது ஒரு றப்பர் நாடா, அல்லது ஒட்டுப் பட்டி, அல்லது காந்தம். சாய்ந்துகொண்டு வெளியே பார்க்கிற பிள்ளையின் பாரத்துக்கு வலை கிழிய வேண்டும் என்றில்லை, சட்டத்தோடு சேர்ந்து வெளியே போய்விடும். வலை இருப்பதால் பெரியவர்கள் யன்னலை முழுக்கத் திறந்துவைப்பார்கள், பிள்ளையும் அதில் முதுகைச் சாய்க்கும். வலையும் வேண்டும், கம்பியும் வேண்டும்.

கம்பியின் பலனை நியூயோர்க் நகரம் 1970களிலேயே கண்டது. 1972இல் நகரச் சுகாதாரத் திணைக்களம் வீடுகளுக்குக் கம்பிக் காப்புக் கொடுக்கத் தொடங்கியது. பிள்ளைகள் விழுவது வெகுவாகக் குறையவே, 1976இல் சட்டமாக்கினார்கள். இன்றும் அங்கே மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டடங்களில் 10 வயது வரையான பிள்ளை இருந்தால், வீட்டுச் சொந்தக்காரர் காப்புப் போட்டே ஆக வேண்டும்.

பல்கனிக்கு "கண்ணுக்குத் தெரியாத கிறில்" போடலாமா? கடலைப் பார்த்த வீடு. விற்பனையாளர் "துருவே பிடிக்காது" என்கிறார்.
– வெள்ளவத்தை வாசகர்

போடலாம், நல்ல பொருளாக இருந்தால். மெல்லிய ஸ்டெயின்லெஸ் கேபிள்களை மேலும் கீழும் அலுமினியத் தடத்தில் இழுத்துக் கட்டுவதுதான் இது. ஏறுவதற்குப் படி இல்லாதது இதன் பெரிய நன்மை.

மூன்று கேள்வி கேளுங்கள். கேபிள் எந்தத் தரம்? 316 என்று இருக்க வேண்டும். அதில் உள்ள 2 முதல் 3 சதவீத மொலிப்டினம்தான் உப்பைத் தாங்குகிறது. 304 கடலோரத்தில் பழுப்பாகும். காந்தத்தை ஒட்டிக் காட்டுவார்கள்; காந்தத்தால் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. தரம் பற்றிய எழுத்துமூலப் பத்திரத்தைக் கேளுங்கள். இடைவெளி எவ்வளவு? 2 அங்குலம் கேளுங்கள். இரும்புக் கம்பிக்குச் சொன்ன மூன்றரை இங்கே பொருந்தாது, ஏனென்றால் கேபிள் பக்கவாட்டில் விலகும். 4 அங்குலத்துக்கு ஒன்று என்று போட்ட கேபிளை இரண்டு கையாலும் விரித்தால், ஒரு பிள்ளையின் தலை போகிற அளவு வந்துவிடும். தடத்தை எதில் இறுக்குகிறார்கள்? கொங்கிறீற்றில், அடிக்கு ஒரு ஸ்குரூவாவது. சீலிங் பலகையிலோ பூச்சிலோ இறுக்கினால் வேலையை நிறுத்துங்கள்.

கேபிள் மேல் நைலோன் உறை இருந்தால், அரிப்பு உறைக்குள் மறைந்திருக்கும். நுனிகளில் பழுப்பு நிறம் வருகிறதா என்று பாருங்கள். மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கேபிளையும் விரித்துப் பார்த்து, தளர்ந்ததை இறுக்குவியுங்கள். கேபிள் வெட்டுகிற குறடு ஒன்றைப் பிள்ளைக்கு எட்டாமல், உங்களுக்குத் தெரிந்த இடத்தில் வைத்திருங்கள்; நெருப்புக்கு அது வேண்டும்.

வெளிச்சுவர் தொடர்மாடியின் பொதுச் சொத்து. அதில் கைவைக்க முன் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் எழுத்துமூல அனுமதியை எடுங்கள். உள்பக்கமாகப் போட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

கேபிள் போட்டாலும் பல்கனியில் ஏசி வெளிப்பெட்டி, பூச்சட்டி, உடுப்புக் காயவைக்கிற ஸ்டாண்ட், கவிழ்த்த வாளி எதுவும் கைப்பிடிச் சுவரோடு ஒட்டி இருக்கக் கூடாது.

தரையிலிருந்து சீலிங் வரை கண்ணாடி. பிள்ளைகள் ஓடிவந்து மோதுகிறார்கள். ஸ்டிக்கர் மாதிரி ஒரு ஃபிலிம் ஒட்டலாம் என்கிறார்கள். போதுமா?
– கொள்ளுப்பிட்டி வாசகி

முதலில் அது என்ன கண்ணாடி என்று பாருங்கள். மூலையில் அழியாத சின்ன முத்திரை இருந்தால் அநேகமாகச் சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடி, டெம்பர்ட் என்பார்கள். சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு பலம், உடைந்தால் பொடிக் கற்களாகும், வெட்டுக் காயம் குறைவு. ஆனால் உடைந்த கணமே கண்ணாடி இருந்த இடம் வெறுமையாகிவிடும். மேல் மாடியில் பிரச்சினையே அதுதான். உயரத்தில் வேண்டியது நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்த லமினேற்றட் கண்ணாடி, 6.38 மி.மீ. என்று கேட்டால் கிடைக்கும். அது வெடித்தாலும் இடத்தைவிட்டுப் போகாது.

ஃபிலிம் ஒட்டுவது சாதாரணக் கண்ணாடிக்கு இடைக்காலத் தீர்வு. பாதுகாப்பு ஃபிலிம் 100 மைக்ரோனுக்குக் குறையக் கூடாது. வெயிலுக்கு ஒட்டுகிற மெல்லிய ஃபிலிம் வேறு. பாதுகாப்பு ஃபிலிம் துண்டுகளைச் சிதறாமல் பிடிக்கும், ஆனால் கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்திருக்கிற றப்பர் பழுதென்றால் கண்ணாடி முழுதாக வெளியே போகும். எனவே நிமிர்ந்த கம்பிகளோடு 3½ அடி உயரத் தடுப்பு ஒன்றை உள்பக்கம் போடுங்கள். கண்ணாடியை மாற்றினாலும் அது வேண்டும்.

றோலர் பிளைண்டின் மணிக் கயிறு கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அதில் என்ன ஆபத்து?
– கிருலப்பனை வாசகி

கழுத்தில் சுற்றும். வளையமாகத் தொங்குகிற கயிற்றில் பிள்ளை தலையை விட்டுக் கால் தவறினால், சத்தமே வராமல் ஒரு நிமிடத்துக்குள் நினைவிழக்கும். அடுத்த அறையில் இருப்பவருக்குத் தெரியாது. தொட்டிலையும் ஏணையையும் கட்டிலையும் இன்றைக்கே அந்த யன்னலைவிட்டு நகர்த்துங்கள். மணிக் கயிற்றை இழுவையாகச் சுவரோடு பிடித்துவைக்கிற சின்னப் பிளாஸ்டிக் பிடி ஒன்று உண்டு. கயிறு விறைப்பாக நிற்கும்படி அதை ஸ்குரூவால் இறுக்க வேண்டும். இரட்டைப் பக்க ஒட்டு நாடா ஈரப்பதத்தில் கழன்றுவிடும். வளையமில்லாத கயிறு என்றால் தரையிலிருந்து 5 அடிக்கு மேலே ஒரு கொளுக்கி அடித்து எட்டுப் போட்டுச் சுற்றிவையுங்கள். பிள்ளையின் அறைக்குக் கயிறில்லாத சாதாரணத் திரைச்சீலையே நல்லது.

ஒரேயொரு அறை. கட்டிலை யன்னலுக்குக் கீழே போடாமல் வேறு வழியில்லை.
– முகத்துவாரம் வாசகர்

இடமிருந்தால் யன்னலுக்கும் தளபாடத்துக்கும் 3 அடி விடச் சொல்வோம். உங்களுக்கு அது முடியாது என்பதால் யன்னலை முற்றாக நம்பக்கூடியதாக்குங்கள்: மூன்றரை அங்குலக் கம்பி கட்டாயம். கம்பியின் உயரத்தைத் தரையிலிருந்து பார்க்காமல் மெத்தையின் மேலிருந்து கணக்கெடுங்கள். குறுக்குப் பட்டையும் மெத்தையிலிருந்து 2½ அடிக்கு மேலே. கம்பி யன்னலின் முழு உயரத்துக்கும் இருக்க வேண்டும். பாதிக் கிறில் கட்டிலுக்கு மேலே பயன்படாது. பாரமில்லாத பிளாஸ்டிக் கதிரைகளை இரவில் அடுக்கி வாசலுக்கு வெளியே வையுங்கள். நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு அதை இழுத்துக்கொண்டு போகத் தெரியும்.

பிள்ளையின் தலை கம்பிக்குள் மாட்டினால், அல்லது விழுந்துவிட்டால், முதலில் என்ன செய்வது?
– மருதானை வாசகி

மாட்டினால் இழுக்காதீர்கள். ஒருவர் பிள்ளையின் உடம்பை அடியில் ஏந்தி, பாரம் கழுத்தில் விழாமல் பிடிக்க வேண்டும். உடம்பு வெளியே தொங்கினால் கம்பிக்கிடையால் இரண்டு கையையும் விட்டுக் கக்கத்துக்குக் கீழே பிடித்துத் தூக்குங்கள். காது மடிந்து தடுப்பதால்தான் பெரும்பாலும் தலை திரும்பி வராது. நாடியைக் கீழே தாழ்த்தி, போன கோணத்திலேயே மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். சவர்க்காரத் தண்ணீர் உதவும். வரவில்லை என்றால் 110க்கு அழைத்துத் தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள். மூச்சுக்குத் தடங்கல் தெரிந்தால் காத்திருக்காமல் கம்பியை நெம்பி விரியுங்கள். மெல்லிய கம்பி விரியும்.

விழுந்த பிள்ளையைத் தூக்கி மடியில் வைக்காதீர்கள். தலையும் கழுத்தும் அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, 1990 சுவசெரிய அம்புலன்ஸை இன்னொருவர் அழைக்கட்டும். மூச்சில்லை என்றால் மட்டும் முதலுதவிக்காக அசைக்கலாம். குடிக்கவும் சாப்பிடவும் எதுவும் கொடுக்க வேண்டாம். எழுந்து அழுது, பிறகு விளையாடத் தொடங்கினாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். தலைக்குள் கசியும் இரத்தம் மணித்தியாலங்கள் கழித்துத்தான் வாந்தியாக, தூக்கமாக வெளியே தெரியும். கொழும்பில் என்றால் பொரளையில் உள்ள லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. எந்த உயரத்திலிருந்து, எதன் மேல், எத்தனை மணிக்கு விழுந்தது என்பதைத் தாளில் குறித்துக்கொண்டு போங்கள். வைத்தியர் கேட்கிற முதல் கேள்விகள் அவைதான்.